கரிசக் காட்டுல நம்ம கேரவன்!

'கேரவன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ந்துக்கிற ஏ.சி. வண்டிதானே! ஆனா பாஸ், வெளிநாடுகள்ல அது சாதாரணக் குடும்பங்களோட லீவு வண்டி. கட்டில், அடுப்பு, சிங்க், டாய்லெட் எல்லாமே உள்ளே. நேஷனல் பார்க்குக்குப் போய், அதுக்குன்னே ஒதுக்கின இடத்துல நிறுத்தி, கரன்ட்டுக்கு ஒரு பிளக், தண்ணிக்கு ஒரு பைப் மாட்டினா வீடு ரெடி. உலகத்தோட முதல் நேஷனல் பார்க்கான யெல்லோஸ்டோனை 1872-லயே அறிவிச்ச அமெரிக்காவுல இது ஒரு பெரிய கலாசாரம்.

பக்கத்துல இருக்கிற கேரளாகூட 2021-ல் கேரவன் டூரிஸத்துக்குன்னு ஒரு பாலிசி அறிவிச்சுது. எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்து பிளக் எங்கே, பைப் எங்கேன்னு கேட்டீங்கன்னா, கருவேலங்காட்டைக் காட்டிச் சிரிப்பாங்க. ஆனா ஒரு ரகசியம் சொல்லவா? நம்ம ஜனங்க ரொம்ப வருஷமா கேரவன்லதான் போயிட்டிருக்காங்க. குலசாமி கோயிலுக்குக் கிளம்புற வேனை உள்ளே எட்டிப் பாருங்க. அண்டா, குண்டான், ஸ்டவ், பாய், தலகாணி, தண்ணி கேன், அப்பத்தாவோட வெத்தலைப் பெட்டி, பின் சீட்டுக்கு அடியில ரெண்டு கோழி. இதுக்குப் பேரு மோட்டார் ஹோம் இல்லாம வேற என்ன? மாசி சிவராத்திரி அன்னிக்கு எங்க காட்டுக் கோயில்கள் முன்னாடி நிக்கிற வேன்களை எண்ணி மாளாது!

அந்த வேனை எடுத்துக்கிட்டு, ஃபிரெண்ட்ஸோட ரெண்டு நாள் காடு, கண்மாய், பறவைன்னு சுத்த ஆசைப்படுறவங்களுக்குத்தான் இந்தப் பக்கம். எட்டுப் பேர், ஒரு டெம்போ டிராவலர், ரெண்டு பகல், ஒரு ராத்திரி. இதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

வண்டி எப்படி?

முதல் கேள்வி, போர்டு என்ன கலர்? வாடகைக்கு எடுக்கிற வண்டி மஞ்சள் போர்டாத்தான் இருக்கணும். "நம்ம மாமா வண்டிதான் மாப்ள, ஓன் போர்டு, டீசல் மட்டும் போட்டாப் போதும்"னு யாராவது ஆரம்பிச்சா கும்பிடு போட்டுட்டு நகருங்க. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்ல பெரிய வில்லங்கம். எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ் மூணையும் கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

"சீட்டைக் கழட்டிட்டுக் கட்டில் வெல்டிங் பண்ணிடலாம்"னு உங்க குரூப்ல ஒரு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆளு கண்டிப்பா சொல்வான். சொல்லத்தான் செய்வான். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்துறது சட்டப்படி தப்பு. அதுக்குப் பதிலா 12 சீட் வண்டியை எட்டுப் பேருக்கு எடுங்க. நாலு சீட்டு மிச்சம், நாலு ஆளோட எடையும் மிச்சம். அந்த எடைதான் நம்ம கிச்சனும் பாத்ரூமும். எப்படின்னு கேக்குறீங்களா? அடுத்த பாராவுக்கு வாங்க.

தண்ணிக் கணக்கு!

இந்த ட்ரிப்போட 'சிலபஸ்'ல ஒரே ஒரு பேப்பர்தான் கஷ்டம். அது தண்ணி. கணக்கு ரொம்ப சிம்பிள். குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 3 லிட்டர். கை, கால், முகம், மத்ததுக்கு 3 லிட்டர். ஆக 10 லிட்டர். எட்டுப் பேர், ரெண்டு நாள்... 160 லிட்டர். அதாவது எட்டு 20 லிட்டர் கேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. மொத்தம் 160 கிலோ. உட்காராத நாலு பேரோட இடத்துல தண்ணி உட்காருது, அவ்ளோதான்! டிரைவர் அண்ணனுக்கு ஒரு கேன் தனியா.

கேன்களை மேலே கேரியர்ல ஏத்தாதீங்க. எடை மேலே போகப் போக வண்டி வளைவுல சாயும். இதுக்கு இன்ஜினீயரிங் படிக்கணும்னு இல்ல, தலையில குடம் வெச்சு நடக்கிற எங்க ஊர் அக்காவைக் கேட்டாலே சொல்லும். சீட்டுக்கு நடுவுல, தரையில, ஆடாம கயிறு போட்டுக் கட்டுங்க.

"போற வழியில ஊர் பைப்புல பிடிச்சுக்கலாமே?" அங்கதான் விஷயமே இருக்கு. இந்தப் பக்கம் நிறைய கிராமங்கள்ல குடிதண்ணியைக் குடம் கணக்குல காசு கொடுத்துத்தான் வாங்குறாங்க. தண்ணி வண்டி வர்ற நேரத்தை வெச்சுத்தான் வீட்டு வேலையே நடக்கும். நீங்க போய் "அக்கா, கொஞ்சம் தண்ணி"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. சொம்பு நிறையக் கொடுப்பாங்க, மோர் இருந்தா மோரே கொடுப்பாங்க. அதனாலதான் கேக்கக் கூடாதுங்கிறேன். தாகத்துக்கு ஒரு சொம்பு வேற, வேன் கண்ணாடி கழுவ நாலு பக்கெட் வேற. இந்த வித்தியாசம் தெரிஞ்சவங்க மட்டும் மேலே படிங்க!

எப்போ போகணும்?

எங்க சீமைக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். வடகிழக்குப் பருவமழை பெய்ஞ்சு கண்மாய் நிரம்பினாத்தான் பறவை வரும். அதனால டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட். பொங்கல் லீவு கரெக்டான டைம். ஏப்ரல், மே மாசம் வந்தா வெடிச்ச தரையும் கானலும்தான் பார்ப்பீங்க. மழை ஏமாத்தின வருஷத்துல ஜனவரியிலயும் அதேதான். கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறை ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு "சார், கண்மாய்ல தண்ணி இருக்கா, பறவை வந்திருக்கா?"ன்னு கேட்டுடுங்க.

மண்ணு, முள்ளு, ஆறு...

மழை முடிஞ்ச கையோட போறதால ஒரு ஆபத்து உண்டு. அது கரிசல் மண். காஞ்சா கை நுழையுற அளவுக்கு வெடிக்கும், நனைஞ்சா அல்வா. இதுல இருக்கிற களிமண் தண்ணியைக் குடிச்சு உப்பும்னு சிவில் பசங்க பாடமாவே படிக்கிறாங்க. மேலே பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கும், டயரை வெச்சா உள்ளே இழுத்துக்கும். ரூல் ஒண்ணுதான்: தார் ரோட்டை விட்டு வேன் இறங்கக் கூடாது. கண்மாய்க்கரை மேல ஏத்தவே கூடாது. அது ரோடு இல்ல, ஒரு ஊரோட வருஷச் சாப்பாட்டைத் தாங்கி நிக்கிற சுவர்.

அடுத்தது சீமைக்கருவேலம். நல்ல வெயில்ல அதுதான் நிழல் மாதிரி கூப்பிடும். ஏமாந்து ஓரங்கட்டினா டயர்ல முள்ளு ஏறி நிக்கும். ஸ்டெப்னியில காத்து இருக்கா, ஜாக்கி வேலை செய்யுதான்னு கிளம்பும்போதே பாருங்க. நிழலுக்குப் புளியமரம், வேப்பமரம், ஆலமரம் தேடுங்க.

மூணாவது, ஆத்து மணல். திருச்சுழிப் பக்கம் ஓடுற குண்டாறு வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கும். "செம ஸ்பாட், இங்கயே டென்ட் போடலாம்"னு தோணும். வேண்டாம். உங்க தலைக்கு மேல நிலா காயும்போதே மேற்க மழை பெய்ஞ்சு தண்ணி இறங்கி வரலாம். எங்க மாவட்டத்து மேற்கு மலையில, சதுரகிரியில 2015 மே மாசம் ஓடையில திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்துபோனாங்க. கோடைக்காலத்துல, சாமி கும்பிட வந்தவங்க. காஞ்ச ஆறும் ஆறுதான்.

அடுப்பும் ஏ.சி-யும்

இந்த ஒரு பாராவை மட்டும் ஜோக் இல்லாம சொல்றேன். 2023 ஆகஸ்ட் 26 விடியக் காலையில, மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த ஒரு டூரிஸ்ட் ரயில் பெட்டி தீப்பிடிச்சு ஒன்பது பேர் இறந்தாங்க. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவங்க. விதியை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அடுத்த வருஷம், 2024 டிசம்பர்ல, கேரளா வடகரையில ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு உள்ளே கசிஞ்சதுதான் காரணம்னு பரிசோதனையில தெரிய வந்துச்சு. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குறவன் எழுந்திருக்க மாட்டான்.

அதனால வண்டிக்குள்ளே அடுப்பு பத்தவே கூடாது. சமைக்கிறதா இருந்தா ஊருக்குள்ள அனுமதி கேட்டு, காத்து மறைவான வெட்டவெளியில, வேனை விட்டுத் தள்ளி. காட்டோரத்துல, சரணாலயத்துக்கிட்ட தீ என்ற பேச்சே கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கொசு கடிக்கும்தான். ஓடோமாஸ் பூசுங்க, கொசுவலை கட்டுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. இன்னும் ஈஸியான வழி, வீட்டுல அம்மாகிட்ட புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டி வாங்கிக்கங்க. ஒரு நாளைக்குக் கவலையே இல்ல. போற வழியில விருதுநகர் எண்ணெய் புரோட்டாவும் சாத்தூர் சேவும் இருக்கு, பட்டினி கிடக்க மாட்டீங்க!

ராத்திரி எங்கே?

சரணாலயத்துலயோ, காட்டு எல்லையிலயோ வேனைப் போட்டுத் தூங்க முடியாது. நம்ம ஊர்ல காட்டுக்கு 'கதவு சாத்துற நேரம்' உண்டு. முதுமலையைத் தாண்டினதும் வர்ற பந்திப்பூர்ல, ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வண்டி போகவே தடை. 2009-லிருந்து இதுதான் நடைமுறை. ராத்திரி அந்த ரோடு விலங்குகளோட ரோடு.

நமக்கு ஏத்த இடங்கள் மூணு. ஒண்ணு, மெயின் ரோட்டுல இருக்கிற பெரிய பெட்ரோல் பங்க். கேட்டு, அனுமதி வாங்கி ஓரமா நிறுத்தணும். வெளிச்சம் இருக்கும், டாய்லெட் இருக்கும். பொண்ணுங்க வர்ற குரூப்னா ரூட்டையே டாய்லெட்டை வெச்சுத்தான் போடணும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பசங்களே, இதை அவங்க வாய்விட்டுக் கேக்குற நிலைமைக்கு விடாதீங்க. ரெண்டு, டவுன்ல ஒரு ரூம் அல்லது கல்யாண மண்டபம். மூணு, கோயில் வளாகம். ஆனா பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ பார்த்துக் கேட்டுட்டுத்தான். "எந்த ஊருப்பா, யாரு வீட்டுப் புள்ளைக?"ன்னு கேப்பாங்க. சந்தேகப்படுறாங்கன்னு கோபப்படாதீங்க. பதில் சொல்லிட்டா அப்புறம் ராத்திரி முழுக்க உங்க வண்டிக்கு அவங்கதான் காவல்.

இன்னொண்ணு, டிரைவர் அண்ணன். நாம மாத்தி மாத்தித் தூங்குவோம், அவருக்கு மட்டும் மாத்து ஆள் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல வண்டி ஓடக் கூடாது, அவருக்கு ஆறு மணி நேரம் முழுத் தூக்கம் வேணும். வேன்ல இருக்கிற எட்டு உயிரும் அவரோட கண் இமையிலதான் இருக்கு.

ரூட்டு இதுதான்!

மதுரையிலிருந்து தூத்துக்குடி போற நாலு வழிச் சாலையில சுமார் 50 கிலோமீட்டர் வந்தா அருப்புக்கோட்டை. காலையில சீக்கிரம் வந்தா மல்லிகைப்பூ வாசம் இலவசம், தறிச் சத்தம் போனஸ். அங்கிருந்து கிழக்க ஒரு 15 கிலோமீட்டர்ல திருச்சுழி. சுந்தரர் பாடின திருமேனிநாதர் கோயில், 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு ரெண்டையும் காலையிலயே பார்த்துடலாம். அப்புறம் கமுதி. அந்தப் பக்கம் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் இருக்கு. 2016-ல் திறந்தப்போ, ஒரே இடத்துல அமைஞ்ச சோலார் நிலையங்கள்லயே உலகத்துல பெரிசுன்னு பேசப்பட்டது. எங்களை வாட்டுற வெயிலுக்கு இப்படியும் ஒரு வேலை!

கமுதியைத் தாண்டி முதுகுளத்தூர்ப் பக்கம் போனா ரெண்டு கண்மாய்கள், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். ரெண்டும் 1989-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2022-ல் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரங்கள்ல நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன்னு கூடு கட்டிக் குடும்பம் நடத்தும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க. இரை தேடப் போனது எல்லாம் வீடு திரும்புற நேரம்.

இங்க ஒரு வேண்டுகோள். நம்ம டூரிஸ்ட் வேன்கள்ல கலர் கலரா லைட்டும், சீட்டை அதிர வைக்கிற ஸ்பீக்கரும் இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு முன்னாடியே ரெண்டையும் அணைச்சுடுங்க. சத்தத்துக்குப் பயந்து தாய்ப் பறவை கூட்டை விட்டு எழுந்தா, அந்த நேரத்துல முட்டையைக் காக்கா தூக்கிட்டுப் போயிடும், குஞ்சு வெயில்ல வாடும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தைச் சுத்தி இருக்கிற கிராமத்து ஜனங்க, பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காம பல வருஷமா இருக்காங்க. அவங்களால தீபாவளியையே விட்டுக்கொடுக்க முடியுது, நம்மால ஒரு குத்துப்பாட்டை விட முடியாதா?

சாப்பிட்ட மிச்சத்தைக் கண்மாய் ஓரம் கொட்டாதீங்க. "மக்கித்தானே போகும்"னு சொல்லாதீங்க. அதைத் தின்ன வர்ற காக்காவும் நாயும்தான் அடுத்து கூட்டைப் பார்க்கும். வேன்ல மூணு பை கட்டித் தொங்கவிடுங்க. ஒண்ணு சாப்பாட்டு மிச்சம், ஒண்ணு பிளாஸ்டிக், ஒண்ணு நாப்கின் மாதிரி விஷயங்களுக்கு. மூணும் உங்களோடயே டவுனுக்குத் திரும்பணும். ஒரு தடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கு, அதனால எவர்சில்வர் தட்டு, டம்ளரோட கிளம்பினா ரெண்டாவது பை கிட்டத்தட்ட காலியாவே இருக்கும்.

கடலுக்குள்ள ஒரு நேஷனல் பார்க்

ரெண்டாம் நாள் ராமநாதபுரம் வழியா மண்டபம். தமிழ்நாட்டுல நேஷனல் பார்க் அஞ்சு. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, அப்புறம் மன்னார் வளைகுடா. எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற நேஷனல் பார்க் இந்த கடைசி ஆளுதான். காமெடி என்னன்னா, இதோட வாசல்ல வேனை நிறுத்த முடியாது. ஏன்னா அது கடலுக்குள்ள இருக்கு! 1986-ல் அறிவிச்சது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல 21 தீவுகள், சுத்திப் பவளப்பாறை, கடல் புல், அதை மேயுற ஆவுளியா என்ற கடல் பசு.

அந்த 21-ல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இப்ப கடல் மட்டத்துக்கு மேல இல்ல. பல வருஷமா பவளப்பாறையை வெட்டி எடுத்ததுல, அலையைத் தடுக்க ஆளில்லாம மூழ்கிடுச்சு. அதனால கரையில யாராவது "பவளப்பாறை, ஷோகேஸ்ல வைக்கலாம் தம்பி"ன்னு நீட்டினா வாங்காதீங்க. வாங்குறதும் குற்றம், வெச்சிருக்கிறதும் குற்றம். தீவுகள்ல இஷ்டத்துக்கு இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேணும். அவங்க நடத்துற படகுச் சவாரி இருந்தா டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டுப் போங்க.

கடல் வேண்டாம், மலைதான் வேணும்னா மேற்க திரும்புங்க. ஸ்ரீவில்லிபுத்தூர். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிச்ச சரணாலயம், 2021-ல் மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. செண்பகத்தோப்புப் பக்கம் எதுவரைக்கும் அனுமதின்னு வனத்துறையைக் கேட்டுட்டுப் போங்க. அணிலைப் பார்க்கக் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்க்கணும், பால்கோவாவுக்கு அந்தக் கஷ்டம் இல்ல!

கடைசியா ஒரு ஆளு...

இந்த ரோடுகள்ல போகும்போது நூத்துக்கணக்குல செம்மறி ஆடுகளை ஓட்டிக்கிட்டுப் போற கீதாரிகளைப் பார்ப்பீங்க. தயவுசெஞ்சு ஹாரனை அமுக்காம நிறுத்துங்க. வீட்டையே கூடக் கொண்டு போற வாழ்க்கைக்கு இந்தச் சீமையில அவங்கதான் சீனியர். மாசக்கணக்குல ஊர் ஊரா நடப்பாங்க. ராத்திரி ஒரு விவசாயியோட காட்டுல கிடை போடுவாங்க. அந்த ஆட்டுப் புழுக்கைக்காகவே விவசாயி அவங்களுக்குக் கூலி கொடுப்பாரு, ஏன்னா அவங்க தங்கிட்டுப் போன நிலம் அடுத்த வெள்ளாமைக்கு நல்லா விளையும்.

நாம உரம் போட வேண்டாம் பாஸ். நாம நிறுத்தின இடத்துல ஒரு தண்ணி பாட்டில், ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு அடுப்புக் கரி இல்லாம இருந்தாப் போதும். எட்டு கேன் தண்ணியோட போய், எட்டு காலி கேனோடயும் மூணு பையோடயும் திரும்புங்க. அடுத்த பொங்கலுக்கு இன்னொரு வேன் வரும்போது, அதே ஊர்ல அதே அக்கா மோர் சொம்பைச் சந்தோஷமா நீட்டணும்ல?